ரெண்டு லென்ஸ், ஒரு பர்ஸ்

"லென்ஸ் வாங்கணும், எது நல்லது?" என்று எங்க கிளாஸில் கேட்டுப் பாருங்கள். மூணு பேரிடம் கேட்டால் நாலு பதில் கிடைக்கும். எல்லாப் பதிலுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. சொல்கிறவர் எதை வைத்திருக்கிறாரோ அதுதான் உலகத்திலேயே நல்ல லென்ஸ். யூடியூபிலும் இதே கதைதான், என்ன, அங்கே பின்னணி இசை சேர்ந்து வரும் :-)

இந்தப் பதிவு அந்த ரகம் இல்லை. எது நல்ல லென்ஸ் என்று சொல்லப் போவதில்லை. எனக்கு எது சரி என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அதே வழியில் போனால் உங்களுக்கு வேறு லென்ஸ் வந்து நிற்கலாம், என் நண்பனுக்கு அப்படித்தான் வந்தது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, நான் ட்யூஷன் எடுக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுகிற பெருக்கல் வகுத்தல்தான்.

முதலில் நிலவரம். என்னிடம் இருப்பது கேனன் 700டி. 2013-ல் வந்த மாடல், நான் 2024-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கூடவே வந்தது 18-55 எம்எம் கிட் லென்ஸ். அப்புறம் எட்டு மாசம் ஆறு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்ததில், வீட்டுக்குக் கொடுத்தது போகக் கையில் நின்றது 13,000 ரூபாய். அடுத்தது கடைசி வருஷம், ப்ராஜெக்ட் வேறு, ட்யூஷனுக்கு நேரம் இருக்காது. அதாவது இப்போது வாங்குவதுதான், இதற்கப்புறம் வேலை கிடைத்தால்தான் அடுத்த லென்ஸ்.

போட்டியில் இருந்தவை ரெண்டு ஜூம் லென்ஸ். ஒன்று கேனனின் 55-250 எம்எம், எஃப் 4-5.6. இன்னொன்று டாம்ரானின் 17-50 எம்எம், எஃப் 2.8. பழைய மார்க்கெட்டில் ரெண்டுமே என் பட்ஜெட்டுக்குள் வந்தன. கேனன் 2018-ல் ஆர்எஃப் மவுண்டைக் கொண்டு வந்ததிலிருந்து நிறையப் பேர் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு மாறி, பழைய லென்ஸ்களை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் பிழைப்பு ஓடுகிறது. (பின்னால் நாமும் மாறினால் அடாப்டர் போட்டு இதே லென்ஸ்களை மாட்டிக்கொள்ளலாம், அதனால் காசு தண்ணீரில் போகாது.)

இந்த எண்களைப் பார்த்ததும் ஓடிப்போகிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எம்எம் என்று வருவது குவியத்தூரம். எண் சின்னதாக இருந்தால் கண்முன் இருப்பதில் நிறைய உள்ளே வரும், பெரிதாக இருந்தால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். எஃப் என்று வருவது லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பது. இது தலைகீழ் எண், சின்ன எண் என்றால் அதிக வெளிச்சம். எஃப் 5.6-லிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. 18-55-ஓ 55-250-ஓ ஜூமை முழுக்க இழுத்தால் 5.6-தான். 17-50 எங்கே நின்றாலும் 2.8 கொடுக்கும்.

இப்போது அந்த நண்பன். பெயர் வேண்டாம், எங்க கூட்டத்தில் அவனுக்கு "நாரை" என்று பட்டப்பெயர். கழுத்துக்காக இல்லை, கூந்தன்குளத்துக்கு வாரம் தவறாமல் போவதற்காக. அவனும் கேனன்தான், 55-250 வைத்திருக்கிறான். நான் 17-50 என்று வாயெடுத்ததுமே சிரித்துவிட்டான்.

"ஏல, உன்ட்ட 18லருந்து 55 இருக்குல்லா. மறுபடியும் 17லருந்து 50 வாங்குனா ஒன்னய கிறுக்கன்னுதாம்ல சொல்லுவாவ. 55லருந்து 250 வாங்கு, எல்லாம் கவர் ஆயிரும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிறையப் பேர் லென்ஸ் வாங்குவது இப்படித்தான். 18-லிருந்து 55 வரை ஒன்று, 55-லிருந்து 250 வரை ஒன்று, இடைவெளி இல்லாமல் அடைத்துவிட வேண்டும், தறியில் ஒரு இழை விட்டுப்போனது மாதிரி ஒரு எம்எம் கூட விட்டுப்போகக் கூடாது. ஆனால் நம்மிடம் இல்லாத எம்எம் எல்லாம் நமக்கு வேண்டிய எம்எம்தானா? இதற்குப் பதில் கடையில் இல்லை, நம் ஹார்டுடிஸ்கில் இருக்கிறது.

ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்று பெயர், ஜப்பானில் 1995-ல் உருவாக்கிய ஒழுங்குமுறை. எத்தனை எம்எம்-ல் எடுத்தோம், எஃப் எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு, என்ன தேதி, எத்தனை மணி எல்லாம் அதில் இருக்கும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் மேலே ஃபில்டரில் குவியத்தூரம் என்று தேர்ந்தெடுத்தால் எதில் எத்தனை படம் என்று அதுவே எண்ணிச் சொல்லும். என்னிடம் லைட்ரூம் இல்லை. எக்ஸிஃப்டூல் என்று பில் ஹார்வி எழுதிய இலவச நிரல் ஒன்று இருக்கிறது, அது மொத்த ஃபோல்டரையும் படித்து அட்டவணையாகக் கொடுத்துவிடும். எக்ஸெலில் திறந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். லேபில் ஒரு மதியம் ஆனது, அதிலும் பாதி நேரம் வேறு ஒருத்தன் ரெக்கார்ட் நோட்டு எழுத உதவியதில் போனது.

பதினாலு மாசத்தில் நான் எடுத்தது 6,240 படம். 18 எம்எம்-ல் 1,704. 55 எம்எம்-ல் 2,318. நடுவில் 24-லிருந்து 35 வரைக்கும் 1,415. மிச்சம் 803 அங்கங்கே சிதறிக் கிடந்தது.

நாரைக்குக் காட்டினேன். "பாத்தியா! மூணுல ஒண்ணு 55ல முட்டிக்கிட்டு நிக்கி. உனக்கு டெலிதாம்ல வேணும்" என்றான். கடைசி எண்ணில் படங்கள் குவிந்திருந்தால் அதற்கு மேலே போக ஆசைப்பட்டிருக்கிறோம் என்று அர்த்தம், இதை எல்லாரும் சொல்வார்கள். நானும் கிட்டத்தட்ட காசை எடுத்துவிட்டேன்.

ஆனால் 6,240-ம் நான் எடுத்தது. நான் வைத்துக்கொண்டது எத்தனை? நாலு பேருக்கு அனுப்பியது, பிரிண்ட் போட்டது, அழிக்க மனசு வராதது என்று தனி ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. அதில் 412. அதை மட்டும் தனியாக எண்ணினேன். 18-ல் 96. 24-லிருந்து 35 வரை 171. 55-ல் 88. மற்றவை 57.

இப்போது பாருங்கள். 55-ல் நூறு படம் எடுத்தால் எனக்குத் தேறுவது நாலு. 24-35-ல் நூறுக்குப் பன்னிரண்டு. அதிகமாகப் போய் நிற்கிற இடம் ஒன்று, படம் கிடைக்கிற இடம் வேறொன்று. வெறுமனே மொத்தத்தை எண்ணிவிட்டு லென்ஸ் வாங்குகிறவர்கள் இங்கேதான் வழி மாறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, 55-ல் தேறாமல் போன அந்தப் படங்கள் என்னதான்? ரெண்டாயிரத்தையும் பார்க்கப் பொறுமை இல்லை, அங்கங்கே எடுத்து இருநூறு படத்தைத் திறந்து பார்த்தேன். 61 பறவை. 34 மேடை, தேர், கோபுரத்து பொம்மைகள். மீதி 105 மனிதர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த இடத்தில் நான் நடந்து கிட்டே போயிருக்க முடியுமா?

பறவைக்கு முடியாது. நடந்து போனால் பறந்துவிடும், அதுவும் தண்ணீருக்குள் எங்கே நடப்பது. மேடைக்கும் முடியாது, பிரின்சிபால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் மனிதர்கள்? குறுக்குத்துறைப் படித்துறையில் துணி துவைக்கிற அக்கா, டவுன் ரத வீதியில் வளையல் தட்டைச் சுமந்துகொண்டு போகிறவர், எதிர்த்தெருத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா. எல்லாரையும் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஜூமை முழுக்க இழுத்து எடுத்திருக்கிறேன். பத்தடி நடந்திருந்தால் போதும். நடக்காததற்குக் காரணம் லென்ஸ் இல்லை, கூச்சம். "என்னல எடுக்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்று ஒரு தயக்கம். 250 எம்எம் வாங்கியிருந்தால் பத்தடிக்குப் பதில் ஐம்பதடி தள்ளி நின்றிருப்பேன், அவ்வளவுதான். தூரத்திலிருந்து எடுத்தால் முகம் பெரிதாக வரும், ஆனால் அவர் நம்மைப் பார்க்க மாட்டார். ஒளிந்திருந்து எடுத்த மாதிரியே இருக்கும். படம் தேறாததற்கு அதுதான் காரணம்.

இப்படிக் கழித்தாலும் 95 படம் டெலி பக்கம் நின்றது. இருநூறில் கிட்டத்தட்ட பாதி, அதை ஒதுக்க முடியாது. 55-250-ஐ ஒரு வாரம் கடன் கேட்டேன், நாரை கொடுத்தான். (நல்லவன். என்னைக் கிறுக்கன் என்றாலும்.)

கூந்தன்குளத்துக்குப் போனோம். நாங்குநேரி பக்கத்தில் இருக்கும் கிராமம், மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். மரத்தில் இருப்பதை எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டியதில்லை. குளத்தில் நிற்பதற்குத்தான் வேண்டும். ஒரு மஞ்சள் மூக்கு நாரை சுமாராக ஒரு மீட்டர் உயரம். அறுபது மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். என் கேமராவின் சென்சார் 22.3-க்கு 14.9 எம்எம். 14.9-ஐ அறுபதால் பெருக்கி 55-ஆல் வகுத்தால் படத்தின் உயரத்துக்குள் பதினாறு மீட்டர் அடங்கும், நாரை அதில் பதினாறில் ஒரு பங்கு, எறும்பு மாதிரி. 250-ஆல் வகுத்தால் மூன்றரை மீட்டர். நாரை கால்வாசிக்கு மேல் நிற்கும், மூக்கின் மஞ்சள் தெரியும். பகல் வெயிலில் எஃப் 5.6 ஒரு பிரச்னையே இல்லை, ஷட்டர் ஐநூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று தாராளமாகக் கிடைக்கும். லென்ஸ் வெறும் 375 கிராம், நாள் முழுக்கத் தொங்கினாலும் கழுத்து வலிக்காது. அன்று எடுத்ததில் நாலைந்து எனக்கே பிடித்தது. பறவை எடுக்கிறவர்கள், ஸ்போர்ட்ஸ் டேக்குப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

அதே வாரம் வீட்டிலும் அதை மாட்டிப் பார்த்தேன். ஆரம்பமே 55 என்பதால் பத்துக்குப் பத்து அறையில் முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போக வேண்டியிருந்தது. அதோடு கீழே வைத்துவிட்டேன்.

தேருக்கும் இதே கதைதான். 2025 ஆனித் தேரோட்டத்தில் எடுத்தவற்றைத் திரும்பப் பார்த்தேன். நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போது கூட்டத்துக்குள் நாம் நிற்பது பத்து மீட்டர் பக்கத்தில். 55 எம்எம்-ல் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தாலும் நாலு மீட்டர்தான் உள்ளே வரும், தேர்ச் சக்கரமும் வடம் பிடிக்கிறவர்களும் சரி, மேலே ஒன்றும் கிடையாது. 17 எம்எம்-ல் பதிமூணு மீட்டர் வரும். வைத்துக்கொண்ட படங்களில் தேர்ப் படம் எல்லாம் 18-ல் எடுத்தவையாக இருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது.

ஆனாலும் முடிவு செய்ய வைத்தது இதெல்லாம் இல்லை, தேதிதான்.

படத்தின் எண்ணிக்கை நம்மை ஏமாற்றும். பறவை பறக்கிறது என்றால் பட்டனை அழுத்திப் பிடிப்போம், ஒரே நாரை முப்பது படம். வீட்டில் அம்மாவை எடுத்தால் மூணு படம், நாலாவதுக்குள் "போதும்ல, போய்ப் படி" வந்துவிடும். அதனால் படங்களை விட்டுவிட்டு நாட்களை எண்ணினேன். பதினாலு மாசத்தில் நான் பறவை எடுத்த நாட்கள் எத்தனை? மூன்று. மூணே நாள். அந்த நூற்றுக்கணக்கான பறவைப் படங்களும் மூணு பயணத்தில் எடுத்தது. வீட்டுக்குள்ளோ, திண்ணையிலோ, சாயங்காலத்துக்கு அப்புறமோ கேமராவை எடுத்த நாட்கள்? அறுபத்தொன்று.

நாரைக்கும் இதே கணக்கைப் போட்டோம். அவனுக்குப் பறவை நாற்பத்தெட்டு நாள், வீட்டுக்குள் ஐந்து நாள், அதிலும் ஒரு நாள் பொங்கல். அவன் 55-250 வாங்கியது நூறு சதவீதம் சரி. அவனுக்கு.

அந்த அறுபத்தொரு நாளில் என்ன எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். எங்க ஊர்ப் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் நடப்பதுதான், எங்க அம்மா பீடி சுற்றுகிறவங்க. மதியம் சாப்பாடு முடிந்ததும் பட்டாசலில் (முன் அறைதான், நெல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்) அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, எதிர்வீட்டு மதினி மூணு பேரும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இலையைத் தகடு வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி... சொல்வதற்கே இவ்வளவு நேரம் ஆகிறது, அவர்கள் அதற்குள் ரெண்டு முடித்திருப்பார்கள். வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருக்கும், கண் டிவியில் இருக்கும், கை தன்பாட்டில் ஓடும். நான் படித்தது, இந்தக் கேமரா வாங்கியதில் பாதி எல்லாம் அந்தக் கையில் வந்ததுதான். நான் வேலைக்குப் போனதும் நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்காங்க. நிறுத்தத்தான் வேண்டும், இடுப்புவலியும் இருமலும் போதும். நிறுத்துவதற்குள் அந்தக் கையை ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த அவசரம்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். மூணு மணிக்கு மேல் வெளிச்சம் இறங்கிவிடும். கிட் லென்ஸில் முகத்தையும் கையையும் சேர்த்து எடுக்க 50 பக்கம் ஜூம் செய்தால் எஃப் 5.6. ஐஎஸ்ஓ 3200 வைத்தாலும் ஷட்டர் முப்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். கிட் லென்ஸில் இமேஜ் ஸ்டெபிலைசர் இருக்கிறது, அதனால் சுவர் கூர்மை, சுளகு கூர்மை, சேலைப் பூ கூர்மை. கை மட்டும் புகை. ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், அம்மாவின் கையை நிறுத்தாது. அதை நிறுத்தக் கூடிய ஷட்டர் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். ஐஎஸ்ஓ-வை 12,800-க்கு ஏற்றினால் முகமெல்லாம் மணல் தூவின மாதிரி ஆகிவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் மூணு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொள்வார்கள், அத்தோடு போச்சு.

எஃப் 2.8 என்றால் அதே ஐஎஸ்ஓ 3200-ல் நூற்றிருபதில் ஒரு பங்கு கிடைக்கும். கை நின்றுவிடும், ஓடுகிற நூல் மட்டும் லேசாகக் கலங்கும். அது கலங்கினால்தான் எனக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், லென்ஸ் விற்கிறவர்கள் சொல்லாதது. "நாலு மடங்கு வெளிச்சம்" என்பது 50 பக்கம் எடுத்தால்தான். கிட் லென்ஸே 18-ல் எஃப் 3.5 திறக்கும். நீங்கள் எப்போதும் 18-லேயே எடுக்கிற ஆள் என்றால் 2.8-க்கு மாறுவதில் கிடைப்பது ஒன்றரை மடங்குதான், அதற்காக இவ்வளவு காசு கொடுப்பது வீண். எனக்கு 24-லிருந்து 35-க்குள் ரெண்டு மடங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ, 50-ல் நாலு மடங்கு. வைத்துக்கொண்ட படங்கள் அங்கேதான் இருக்கின்றன, அதனால் எனக்குக் கட்டுபடியாகிறது. எந்த எம்எம்-ல் படம் எடுக்கிறோம் என்று எண்ணாமல் இதைச் சொல்லவே முடியாது.

டாம்ரானில் குறையும் உண்டு. நான் பார்த்தது 2006-ல் வந்த பழைய மாடல், அதில் ஸ்டெபிலைசர் கிடையாது. ஆடாத பொருளை இருட்டில் எடுக்க என் கிட் லென்ஸே அதைவிட மேல். ஸ்டெபிலைசரோடு வந்த மாடலும் உண்டு, சிக்மாவின் 17-50-ம் உண்டு, ரெண்டும் எனக்குக் கிடைத்த விலையில் 13,000-ஐத் தாண்டியது. அப்புறம் எஃப் 2.8-ல் கூர்மையாக வரும் ஆழமும் குறைவு. 50 எம்எம்-ல் ஒரு மீட்டர் தள்ளி எடுத்தால் முன்னும் பின்னும் சேர்த்து நாலு சென்டிமீட்டர்தான். விரலில் ஃபோகஸ் வைத்தால் முகம் கலங்கும், முகத்தில் வைத்தால் விரல் கலங்கும். ரெண்டும் வேண்டும் என்றால் ரெண்டும் ஒரே தூரத்தில் வருகிற மாதிரி நாம் பக்கவாட்டில் நகர வேண்டும்.

"50 எம்எம் எஃப் 1.8 வாங்கேன், இன்னும் வெளிச்சம், விலையும் கம்மி" என்று நாலு பேராவது சொல்வீர்கள். நல்ல லென்ஸ்தான், 160 கிராம், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எங்க பட்டாசலில் ரெண்டரை மீட்டர்தான் பின்னால் போக முடியும். அங்கிருந்து 50-ல் ஒரு மீட்டர் அகலம்தான் உள்ளே வரும், ஒரு ஆள். 17-ல் மூணு மீட்டருக்கு மேல், மூணு பேரும் வருவார்கள், ஜன்னலும் வரும். எனக்கு மூணு பேரும் வேண்டும். 18-135 சொல்கிறவர்களுக்கு: பகலில் ஊர் சுற்ற அதைவிட வசதி இல்லை, ஒரே லென்ஸில் எல்லாம் முடியும், ஆனால் இழுத்தால் அதுவும் 5.6-தான். போனிலேயே எடுக்கலாமே என்றால், எடுத்துப் பார்த்துவிட்டேன். ராத்திரி மோடில் போன் பல படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது, ஓடுகிற விரல்களை என்ன செய்வதென்று அதற்குப் புரிவதில்லை. ஒரு படத்தில் அம்மாவுக்கு ஆறு விரல்.

ஜங்ஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் ஒரு 17-50 இருந்தது. பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்காக நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரெண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, அப்படியே வைத்துவிட்டு வந்துவிடலாம். ஒன்றிரண்டு தூசி இருந்தால் கவலை இல்லை. ஜூம் வளையம் எங்காவது சிக்குகிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, சுவரில் ஒரு தினத்தந்தியை ஒட்டி, எஃப் 2.8-ல் 17, 35, 50 மூன்றிலும் எடுத்து, பெரிதாக்கி எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள எழுத்தே மங்கினால் ஃபோகஸ் தள்ளி விழுகிறது என்று அர்த்தம், இடது ஓரமும் வலது ஓரமும் வேறு வேறாக இருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். நான் தினத்தந்தியை ஒட்டும்போது அண்ணாச்சி "என்ன தம்பி, வாடகைக்கு வீடு பாக்க வந்தியளா?" என்றார். பன்னிரண்டாயிரம் சொன்னார், பதினொண்ணுக்கு முடித்தோம். மிச்சத்தில் ஒரு காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கினேன். கிட் லென்ஸின் 58 எம்எம் ஃபில்டர் இதற்குச் சேராது, இது 67. அதை அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்.

லென்ஸைப் போட்டுக்கொண்டு பட்டாசலில் அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் எல்லாரும் கேமராவையே பார்த்தார்கள். அப்புறம் சீரியல் ஆரம்பித்தது, என்னை மறந்துவிட்டார்கள். அம்மா மட்டும் தலையைத் தூக்காமல், "மூஞ்சிய எடுத்தா போட்டோ. கைய எதுக்குல எடுக்க?" என்றாங்க. மதினி, "அவன் பெரிய ஆர்ட்டிஸ்ட்டு அத்தை, விடுங்க" என்று சிரித்தாங்க. நூற்றிருபதில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200, 46 எம்எம். மூணு நாள் எடுத்ததில் ஒன்று வந்திருக்கிறது. மடக்குகிற கட்டைவிரல் தெளிவாக இருக்கிறது, நகத்தில் இலைக் கறை வரைக்கும். அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நகத்த வெட்டிருக்கலாம்" என்றாங்க.

நாரை இன்னும் என்னைக் கிறுக்கன் என்றுதான் சொல்கிறான். ஆனால் தை மாசம் அவன் அக்காவுக்குக் கல்யாணம், மண்டபத்துக்கு எஃப் 2.8 வேண்டுமாம், ரெண்டு நாள் கேட்டிருக்கிறான். அந்த ரெண்டு நாளுக்குப் பதிலாகக் கூந்தன்குளத்துக்கு அவன் 55-250 எனக்கு. பெட்ரோல் செலவு யாருடையது என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.